காற்றுக்குக் காத்திருந்த கரை

வெயிலையும் கடலுணவையும் பழங்கட்டடங்களையும் நாடி மத்தியதரைக் கடலோர நகரங்களுக்குப் பயணம் செல்வது இன்று உலகெங்கும் பரவிவிட்ட வழக்கமாகும். ஆயினும் இலங்கையின் மேற்குக் கரையைப் பற்றி எழுத்தில் பதிந்துள்ள பழைய செய்திகளுள் சில, பயணம் எதிர்த்திசையில் நிகழ்ந்ததைச் சொல்கின்றன. உரோமப் பேரரசின் ஆள் ஒருவரும், பல நூற்றாண்டுகள் கழித்து மத்தியதரைக் கடலின் வாயிலில் பிறந்த ஒருவரும், இன்றைய புத்தளம் மாவட்டத்தின் கரையில் இறங்கி, அங்கிருந்த அரசரின் விருந்தினராகத் தங்கினர். இருவருமே அந்தக் கரையைத் தேடிப் புறப்பட்டவர்கள் அல்லர் என்பதும், இருவரையும் அங்கே கொண்டுவந்து சேர்த்தது காற்றுதான் என்பதும் இக்கரையின் வரலாற்றைப் புரிந்துகொள்வதற்கு முதற்படியாகக் கொள்ளத்தக்கவை.

புத்தளம் கொழும்புக்கு வடக்கே ஏறத்தாழ 130 கிலோமீற்றர் தொலைவில், மழை குறைந்த வறண்ட வலயத்தின் விளிம்பில் அமைந்தது. நகருக்கும் திறந்த கடலுக்கும் இடையே கற்பிட்டிக் குடாநாடு தெற்கு வடக்காக நீண்டு கிடக்க, அதற்கும் பெருநிலத்துக்கும் நடுவே புத்தளம் களப்பு பரந்துள்ளது. களப்பு என்பது கடலோடு ஒரு வாயால் இணைந்திருக்கும் ஆழங்குறைந்த உவர்நீர்ப் பரப்பைக் குறிக்கும் சொல்; புத்தளம் களப்பின் பரப்பு சுமார் 327 சதுர கிலோமீற்றர். அதன் வாய் வடக்கு நோக்கியிருப்பதால், வைகாசி முதல் புரட்டாசி வரை தென்மேற்கிலிருந்து வீசும் சோழகக் காற்றில் கடல் கொந்தளிக்கும்போதும் குடாநாட்டின் மறைவில் களப்பு அமைதியாக இருக்கும். பிற்காலத்து வரைபடங்களில் அந்த வாயையொட்டிய இரு குடாக்கள் போர்த்துக்கேயரின் பெயராலும் ஒல்லாந்தரின் பெயராலும் குறிக்கப்பட்டிருப்பது, ஒதுங்க இடம் தேடிய கப்பல்களுக்கு இந்த நீர்ப்பரப்பு எத்துணை வேண்டியதாயிருந்தது என்பதைக் காட்டும்.

இக்கரையில் மனிதர் வாழ்ந்ததற்கான தொல்லியல் சான்று எழுத்துச் சான்றுகளைவிடப் பழையது. இன்று வில்பத்துத் தேசியப் பூங்காவுக்குள் அடங்கிவிட்ட பொம்பரிப்பில், இறந்தோரின் எலும்புகளைப் பெரிய மண்தாழிகளில் இட்டுப் புதைத்த இடுகாடு ஒன்று கண்டெடுக்கப்பட்டது. கறுப்பு சிவப்பு மட்கலங்களோடு கிடைத்த அத்தாழிகள், தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரின் இரும்புக்கால இடுகாட்டோடு ஒப்பிடப்படுகின்றன. கடலின் இரு மருங்கிலும் ஒரே விதமாக இறந்தோரை அடக்கிய மக்கள், உயிரோடிருந்த காலத்திலும் ஒருவரையொருவர் அறிந்திருந்தனர் என்று கொள்வதே பொருத்தம். எனவே, பின்னர் தொலைதூரத்திலிருந்து வந்த கப்பலோட்டிகள் ஆளற்ற கரையொன்றில் ஒதுங்கவில்லை. வந்துபோவோரை வரவேற்கப் பழகியிருந்த ஒரு கரையையே அவர்கள் கண்டனர்.

உரோமரின் வருகையைக் குறித்துவைத்தவர் கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த மூத்த பிளினி. கிளாடியஸ் பேரரசர் ஆண்ட காலத்தில் (கி.பி. 41-54), செங்கடற் பகுதியில் வரி திரட்டும் உரிமையைக் குத்தகையாகப் பெற்றிருந்த அன்னியஸ் புளோகாமஸ் என்பவரிடம் அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஒருவர், அரேபியக் கரையோரமாகக் கப்பலில் செல்கையில் வடகாற்றால் அடித்துச் செல்லப்பட்டு, பதினைந்தாம் நாள் தப்ரபேன் எனப்பட்ட இலங்கையின் ஹிப்புரோஸ் என்னும் துறையை அடைந்தார் என்பது பிளினியின் கூற்று. கிரேக்க மொழியில் குதிரையைச் சுட்டும் சொல்லோடு அத்துறையின் பெயர் தொடர்புடையதாக இருப்பதால், ஆய்வாளர் பலர் அதனைப் புத்தளத்துக்கு வடக்கே செம்மண் மேடாகக் கடலை நோக்கி நிற்கும் குதிரைமலையோடு இணைத்துக் காண்பர். முத்துக்குளிப்புப் பார்கள் அடுத்திருக்கும் அந்த மேட்டை உள்ளூர் வழக்கு அல்லி அரசியின் இருப்பிடமாகச் சொல்லும்.

அந்த விடுதலையாளரை அரசர் ஆறு மாதம் விருந்தினராக வைத்துப் பேணினார் என்றும், அக்காலத்தில் அவர் அந்நாட்டு மொழியைக் கற்று, அரசர் வினவிய வினாக்களுக்கு விடை கூறினார் என்றும், அவரிடமிருந்த வெள்ளி நாணயங்களில் வெவ்வேறு தலைகள் பொறிக்கப்பட்டிருந்தும் எடை மட்டும் ஒன்றாயிருந்ததைக் கண்டு உரோமரின் நேர்மையை அரசர் வியந்தார் என்றும், அதன் பயனாக நால்வர் கொண்ட தூதுக்குழு ஒன்று உரோமுக்கு அனுப்பப்பட்டது என்றும் பிளினி தொடர்கிறார். இக்கதையின் சில பகுதிகள் உரோமரின் பெருமையைப் பாடுவதற்காக மெருகேற்றப்பட்டிருக்கலாம். ஆனால் புளோகாமஸ் கற்பனை மனிதர் அல்லர். அவருடைய ஆளான லைசாஸ் என்பவர் எகிப்தின் கிழக்குப் பாலைவனத்தில், நைல் ஆற்றிலிருந்து செங்கடலுக்குச் செல்லும் வழியிலுள்ள பாறையொன்றில், கி.பி. 6ஆம் ஆண்டைக் குறித்துத் தம் பெயரைப் பொறித்து வைத்திருக்கிறார். ஆறு மாதம் என்ற கால அளவும் கவனத்துக்குரியது. பருவக்காற்றை நம்பிப் பாய்விரித்த கப்பலுக்கு, வந்த காற்று மாறித் திரும்பும் காற்று எழும்வரை வேறு வழியில்லை. ஆகவே பிளினி சொல்லும் நீண்ட விருந்தோம்பலில் அரசரின் பெருந்தன்மைக்கு எவ்வளவு பங்குண்டோ அவ்வளவு பங்கு சோழகத்துக்கும் வாடைக்கும் உண்டு என்று கருத இடமுண்டு. வாடை என்பது ஐப்பசிக்குப் பின் வடகிழக்கிலிருந்து வீசும் காற்று.

காற்றால் கட்டுண்டு கரையில் தங்கியவர் எதைக் கண்டார், எதை உண்டார் என்ற விவரத்தை மிகுதியாகத் தருபவர் இப்னு பதூதா. மத்தியதரைக் கடல் அத்திலாந்திக்கோடு கலக்கும் நீரிணையின் ஓரத்திலுள்ள தாஞ்சியர் நகரில் 1304இல் பிறந்த அவர், மாலைதீவில் நீதிபதியாக இருந்துவிட்டு, 1344இல் மாபாரை நோக்கிக் கப்பலேறினார். மாபார் என்பது அரபு மாலுமிகள் தமிழகத்தின் கிழக்குக் கரைக்கு வழங்கிய பெயர். மதுரையிலிருந்து அதனை ஆண்ட சுல்தான் கியாசுத்தீன் தம்கானி, இப்னு பதூதாவின் மனைவியின் சகோதரியை மணந்தவர். கப்பல் வழிதவறி, பாவா ஆதம் மலை எனவும் சிவனொளிபாதமலை எனவும் வழங்கும் மலை கண்ணில் தென்பட்டபோது, அக்கரைக்கு உரிய அரசர் கடலில் கப்பல்களைக் கொள்ளையிடுபவர் என்று அஞ்சிய மாலுமிகள் இறங்கத் தயங்கினர். காற்று வலுத்தமையால் கடலிலேயே நிற்பதும் இயலாமற் போயிற்று. தம்மைக் கரையில் இறக்கினால் அரசரிடம் அபயம் பெற்றுத் தருவதாக இப்னு பதூதா சொல்ல, கப்பல் பத்தாலா என்று அவர் எழுதும் புத்தளத்தை அடைந்தது.

அவர் கண்ட புத்தளம் மரத்தாலான மதிலும் மரக் காவற்கோபுரங்களும் உடைய, சிறிய, அழகான நகர். மலைநாட்டிலிருந்து வெள்ளம் அடித்துக் கொண்டுவந்த கறுவா மரங்கள் கரையெங்கும் குன்றுகள்போற் குவிந்து கிடந்தன; மாபார்க் கரையாரும் மலபார்க் கரையாரும் விலை கொடாமலே அவற்றை எடுத்துச் சென்று, அதற்கு ஈடாக அரசருக்குத் துணி முதலியவற்றைக் காணிக்கையாக அளித்தனர். பிற்காலத்தில் ஐரோப்பியர் போரிட்டும் தூக்கிலிட்டும் காத்த ஒரு பொருள், அப்போது இவ்வாறு காணிக்கையோடு கைமாறியது என்பதை இலங்கைக் கறுவாவின் வரலாற்றைப் படிப்போர் நினைவில் கொள்ள வேண்டும்.

அரசர் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தி. அவரை மார்த்தாண்ட சிங்கையாரியன் என்று அடையாளம் காண்போர் பலர். பாரசீக மொழியைப் புரிந்துகொள்ளும் அவ்வரசர், பிற நாட்டு மன்னர்களைப் பற்றிய செய்திகளை ஆவலோடு கேட்டு மூன்று நாள் விருந்தினரை உடனிருத்திக்கொண்டார். முத்துக்குளிப்பிலிருந்து வந்த முத்துக்களைக் காட்டி, இவற்றைவிடச் சிறந்தவற்றை எங்கேனும் கண்டதுண்டா என்று வினவி, சிலவற்றை அன்பளிப்பாகவும் கொடுத்தார். உள்ளங்கை அளவான மாணிக்கக் கிண்ணம் ஒன்றில் அகில் எண்ணெய் இருந்ததையும் இப்னு பதூதா குறிப்பிடுகிறார். வேண்டுவது யாது என்று அரசர் கேட்டபோது, ஆதமின் பாதச்சுவட்டைத் தரிசிப்பது தவிர வேறொன்றும் வேண்டாம் என்று அவர் விடையளித்தார். உடனே பல்லக்கும் அதைச் சுமக்க ஆட்களும், ஆண்டுதோறும் அம்மலைக்குச் செல்லும் யோகியர் நால்வரும், பிராமணர் மூவரும், வேறு பத்துப் பேரும், உணவுப்பொருள் சுமக்கப் பதினைவரும் அவருக்கு அளிக்கப்பட்டனர். ஒரு முஸ்லிம் யாத்திரிகருக்குச் சைவ அரசர் இந்து யோகியரை வழித்துணையாக்கி அனுப்பியதும், அந்த யோகியர் தமக்குரிய பாதச்சுவட்டை நோக்கி அதே பாதையில் நடந்ததும், இலங்கையின் சமய வரலாற்றில் அடிக்கடி எடுத்துச் சொல்லப்பட வேண்டிய செய்திகள்.

வழியில் அவர்கள் தங்கிய மனார் மண்டலி என்னும் ஊரை வரலாற்றாசிரியர் இன்றைய முந்தலோடு இணைப்பர். அங்குள்ளோர் அருகிலிருந்த காட்டில் பிடித்த எருமைக் கன்றின் இறைச்சியும், சோறும், நெய்யும், மீனும், கோழியும், பாலும் படைத்து விருந்திட்டனர். நெல் விளையும் வயலும், மாடு மேயும் புல்வெளியும், மீன் நிறைந்த களப்பும், வேட்டைக்காடும் ஒரு நாள் நடைக்குள் அடங்கிய நிலத்தின் விருந்து அது. களப்பு மீனும் எருமைப்பாலும் இன்றும் அவ்வூர்ப் பக்கத்தில் கிடைப்பவையே. அடுத்து அவர்கள் அடைந்த பந்தர் சலாவாத் என்ற சிறு துறை இன்றைய சிலாபம். மலையைத் தரிசித்துத் தெற்குக் கரையைச் சுற்றிக் கொழும்பு வழியாக இப்னு பதூதா புத்தளத்துக்கு மீண்டபோது, கப்பல் தலைவர் அவருக்காகக் காத்திருந்தார்.

அடுத்து வந்த ஐரோப்பியர் விருந்தினராகத் தங்கும் நோக்கத்தோடு வரவில்லை. போர்த்துக்கேயர் சிலாபத்துக்கு அருகிலுள்ள முன்னேஸ்வரம் சிவன் கோயிலை 1578இல் இடித்தனர்; கோட்டை இராச்சியத்து அரசர் ஆறாம் பராக்கிரமபாகு (1412-1467) நிலக்கொடை வழங்கியதைக் கூறும் கல்வெட்டு அக்கோயிலுக்கு உண்டு என்பதிலிருந்தே, இடிக்கப்பட்டது எத்தகைய தலம் என்பது விளங்கும். கற்பிட்டியில் அவர்கள் அமைத்த காவலிடமும் யேசு சபையினரின் சிற்றாலயமும் பின்னர் ஒல்லாந்தர் வசமாயின. ஒல்லாந்தர் 1667 முதல் 1676 வரை கட்டிய கோட்டை, பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்புக் கல்லும் கொண்டு எழுப்பிய, நான்கு கொத்தளங்களுடைய சதுரக் கோட்டை. கொத்தளம் என்பது மதிலின் மூலையில் பீரங்கி நிறுத்தும்படி வெளியே நீட்டப்பட்ட பகுதி.

அக்கோட்டை கடற்பகைவரை மட்டும் நோக்கிக் கட்டப்பட்டதன்று. புத்தளம் அப்போது கண்டி அரசருடைய துறையாக இருந்தது. மலைநாட்டின் பாக்கும் யானையும் அங்கிருந்து வெளியேற, துணியும் கருவாடும் உப்பும் உள்ளே சென்றன. களப்பின் வாயிலுக்கு அருகே கற்பிட்டியில் கோட்டை எழுந்ததும், கண்டிக்குப் போகும் ஒவ்வொரு தோணியும் ஒல்லாந்தரின் கண்ணில் படாமல் செல்ல இயலாதாயிற்று. உப்பு மலைநாட்டில் விளையாத பொருள். வெயில் கடுமையான மாதங்களில் களப்பின் நீரைப் பாத்திகளில் தேக்கி, ஒரு பாத்தியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிச் செறிவூட்டி, உப்பு படிந்தபின் வாரிக் குவிக்கும் புத்தளத்து உப்பளங்களின் விளைச்சலை ஒல்லாந்தர் அரசியல் ஆயுதமாகவே கையாண்டனர். 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கண்டி அரசர் தமக்கு எஞ்சியிருந்த கரை முழுவதையும் இழந்தபோது, ஆரியச்சக்கரவர்த்தி விருந்திட்ட நகரும் ஒல்லாந்தரைச் சேர்ந்தது. 1795இல் கற்பிட்டிக் கோட்டை பிரித்தானியர் கைக்கு மாறியது. இன்று அது இலங்கைக் கடற்படையின் பொறுப்பில் உள்ளது.

இவ்வாறு கடல்வழி பீரங்கியால் அடைபட்ட காலத்திலும் வருகை நிற்கவில்லை. அதன் வடிவம் யாத்திரையாக மாறியது. ஒல்லாந்தர் கத்தோலிக்க சமயத்தைத் தடை செய்திருந்தபோது, கோவாவிலிருந்து மறைவாக வந்த யோசப் வாஸ் அடிகளார் யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி அரசருக்குரிய புத்தளத்துக்கு வந்து பணிபுரிந்தே பின்னர் மலைநாட்டுக்குச் சென்றார். 2015 சனவரியில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். கற்பிட்டிக் குடாநாட்டில் கடலை அடுத்துள்ள தலவில் புனித அன்னம்மாள் ஆலயத்துக்கு மார்ச் மாதத்திலும் ஆகத்து மாதத்திலும் இலட்சக்கணக்கானோர் வந்து, மரநிழலில் குடிலமைத்துச் சமைத்துண்டு, நாட்கணக்கில் தங்கிச் செல்வர். முன்னேஸ்வரத்தின் ஆவணிப் பெருவிழா 28 நாள் நீடிக்கும். அங்கே தமிழரோடு சிங்கள பௌத்தரும் பெருந்தொகையாக நேர்த்தி வைக்க வருவர்.

சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையிலுள்ள உடப்பு, இராமேஸ்வரக் கரையிலிருந்து வந்தோர் வழியினர் என்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் மீனவத் தமிழர் வாழும் ஊர். அங்குள்ள திரௌபதை அம்மன் கோயிலில் பாரதக் கதையைப் பின்பற்றி 18 நாள் நடக்கும் விழா தீமிதிப்பில் நிறைவெய்தும். இவ்வூரார் கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாடல்கள் தனித்து நோக்கத்தக்கவை. கரைவலை என்பது தோணியில் சென்று கடலில் அரைவட்டமாக வளைத்து விட்ட நீண்ட வலையின் இரு கயிற்று முனைகளையும் கரையில் நின்ற இரு அணியினர் இழுத்து மீனை ஒதுக்கும் முறை. பலர் ஒரே நேரத்தில் கால் ஊன்றி இழுப்பதற்கு வேண்டிய தாளத்தை அம்பா தருகிறது. மேற்குக் கடல் அடங்கும் வாடைக்காலமே இத்தொழிலுக்குரிய பருவம்.

காற்றும் பேரரசுகளும் கொண்டுவந்தவர்களுள் திரும்பிச் செல்லாதோரும் உண்டு. புத்தளத்துக்கு அருகே சிறாம்பியடியில் வாழும் ஆபிரிக்க வழிவந்த சிறு சமூகத்தினர், போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரித்தானியரும் படைவீரராகக் கொண்டுவந்தவர்களின் சந்ததியினர். மஞ்ஞா எனப்படும் அவர்களது இசையும் ஆடலும் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியின் சொற்களை இன்றும் தாங்கியுள்ளன. கிரியோல் என்பது இரு மொழியினர் கலந்து வாழ்ந்ததால் உருவான கலப்புமொழி. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட சுமார் 75,000 முஸ்லிம்களுள் மிகப் பெரும்பகுதியினர் வந்து சேர்ந்ததும் இம்மாவட்டத்துக்கே. கிணற்று நீரும் வேலையும் பாடசாலையும் பற்றாக்குறையாக இருந்த கரையொன்று, ஒரு சில வாரங்களில் இத்தனை பேரைத் தன் தென்னந்தோப்புகளிலும் பள்ளிவாசல்களிலும் ஏற்றது; இரு சாராருக்கும் இடையே பின்னர் எழுந்த உரசல்கள் எவ்வாறிருந்தாலும், முதல் நாட்களின் அந்த ஏற்பு புத்தளத்தின் வரலாற்றில் இப்னு பதூதாவின் மூன்று நாட்களைவிடப் பெரிய இடம் பெற வேண்டியது. ஐந்தாறு பேர் ஒரே தட்டைச் சுற்றி அமர்ந்துண்ணும் சஹன் சாப்பாட்டு வழக்கம் வந்தோருக்கும் இருந்தோருக்கும் பொதுவாயிருந்தது.

இக்கரைக்குத் தன்னை எழுதிக்கொள்ளும் ஆற்றலும் இருந்தது. கற்பிட்டியில் 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டி, 1834இல் வெளியிட்ட இலங்கை பற்றிய ஆங்கில அகரவரிசை நூலில் தீவின் ஊர்களையும் ஆறுகளையும் தொழில்களையும் தொகுத்தளித்தார். 1859இல் தமிழ்ப் புலவர் வரலாறுகளைத் தமிழ் புளூட்டாக் என்னும் நூலாக்கினார். கிரேக்க, உரோமப் பெரியோரின் வரலாறுகளை எழுதிய புளூட்டாக்கின் பெயரைக் கற்பிட்டிக்காரர் ஒருவர் தம் நூலுக்குச் சூட்டியதில், பிளினி காலத்துத் தொடர்பு வேறொரு வடிவில் மீண்டது.

இன்று வெளிநாட்டார் கற்பிட்டிக்கு வருவதும் காற்றை நாடியே. ஒரு காலத்தில் கப்பலைத் தடுத்து நிறுத்திய சோழகத்தை, பட்டத்தின் இழுவிசையால் பலகைமீது நின்று நீரில் விரையும் விளையாட்டுக்காகக் கண்டக்குளிப் பக்கத்துக்கு அவர்கள் தேடி வருகின்றனர். வாடைக்காலத்தில் கடல் அடங்கியதும் ஓங்கில் கூட்டங்களையும் திமிங்கிலங்களையும் காணப் படகேறுகின்றனர். குடாநாட்டுக்கு மேற்கே கடலடியில் பரந்திருக்கும் பவளப்பாறைத் தொகுதி 1992இல் கடற் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பின்னர் அரசு கற்பிட்டியின் 14 தீவுகளை உள்ளடக்கி வகுத்த பெரும் சுற்றுலாத் திட்டம், காணிகளும் கரைக்குச் செல்லும் வழிகளும் பறிபோகும் என்ற எதிர்ப்பை மீனவரிடையே எழுப்பியது.

அந்த எதிர்ப்பின் அடிப்படை கரைவலைப் பாடு முறையை அறிந்தோர்க்கே நன்கு விளங்கும். பாடு என்பது ஒரு கரைவலையை வளைத்து இழுப்பதற்கென வரையறுத்து உரிமை வழங்கப்பட்ட கரைத்துண்டு. வலைக்கு உரியவரான சம்மாட்டியும், இழுக்கும் ஆட்களும், மீனை உலர்த்தும் பெண்களும், பருவத்துக்குப் பருவம் வந்து வாடி என்னும் கொட்டிலில் தங்குவோரும் அத்துண்டு நிலத்தையே நம்பியிருப்பர். வாடி ஆண்டின் பாதி நாட்கள் வெறுமையாகக் கிடப்பதால், வரைபடத்தில் அது ஆளில்லாத மணலாகத் தோன்றுவது எளிது. காற்றின் பருவத்தையே நாட்காட்டியாகக் கொண்ட கரையில் காலியான நிலமும் உரிமையுள்ள நிலமே என்பதைத் திட்டம் வகுப்போர் ஏற்கும்வரை, அங்கு எழும் விடுதிகள் விருந்தோம்பலுக்குப் பேர்பெற்ற ஒரு மக்களை அவர்களுடைய கரையிலிருந்தே ஒதுக்கும் ஆபத்து நீங்காது. பாடுகளின் எல்லைகளும் வாடி நிலங்களும் சுற்றுலா வரைபடங்களில் முதற்கண் குறிக்கப்பட வேண்டும் என்று கேட்பதற்கு இரண்டாயிரம் ஆண்டு வரலாறு அம்மக்களின் பக்கம் இருக்கிறது.